பூக்கும் பாலை மரங்கள்: ஆழமாக ஊற்றுங்கள், அரிதாக ஊற்றுங்கள்

(அரிசோனாவின் ஃபீனிக்ஸ் வட்டாரத் தமிழ்க் குடும்பங்களின் கூடுகையில் ஆற்றிய சொற்பொழிவு)



வீட்டு வாசலிலும் புழக்கடையிலும் வைக்கக்கூடிய சிறிய பூமரங்களைப் பற்றி இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன். கண்காணாத தேசத்திலிருந்து கொண்டுவந்து கண்ணும் கருத்துமாகக் காப்பாற்ற வேண்டிய மரங்கள் அல்ல இவை. இந்தச் சொனோரன் பாலையிலும் அதை அடுத்த டெக்சஸ், மெக்சிகோ வறண்ட மலைகளிலும் தாமாக முளைத்து, தாமாக வளர்ந்து, தாமாகப் பூக்கிற மரங்கள்.

இந்த ஊருக்கு வருகிற தமிழ்க் குடும்பம் முதலில் வைக்கிற செடி எது? கையைத் தூக்கச் சொன்னால் எல்லாக் கைகளும் உயரும்: கறிவேப்பிலை. ஜனவரியில் உறைபனி விழும் இரவில் அதற்குப் பழைய வேட்டியைப் போர்த்துகிறோம். ஜூன் வெயிலில் நிழல்வலை கட்டுகிறோம். தினமும் காலையில் தண்ணீர் ஊற்றுகிறோம். அந்த அன்பை நான் மதிக்கிறேன். கறிவேப்பிலைக்கு அது வேண்டும். ஆனால் அதே அன்பை, அதே கையால், அதே குவளையால் ஒரு பாலை மரத்துக்குக் காட்டினால் என்ன ஆகும்? மரம் நோயாளியாகும். ஒரு நாள் காற்றில் சாயும். வீட்டில் வளரும் பாலை மரங்களில் தாகத்தால் சாவது குறைவு. தினமும் ஊற்றுகிற சிறுதண்ணீராலும், மாதந்தோறும் வருகிற கத்தரியாலும் சாவதே அதிகம். இன்று நான் சொல்ல வந்ததன் சாரம் இதுதான். மற்றதெல்லாம் இதற்கு விளக்கம்.

முதலில் இந்த நிலத்தைப் பாருங்கள். ஃபீனிக்ஸில் ஆண்டு முழுதும் பெய்கிற மழை சராசரியாக 7, 8 அங்குலத்துக்குள். டூசான் பக்கம் போனால் சுமார் 11 அங்குலம். அதுவும் இரண்டு தவணையாக வருகிறது. குளிர்காலத்தில் பசிபிக்கிலிருந்து வரும் மெல்லிய மழை ஒன்று. ஜூலை முதல் செப்டம்பர் வரை இடியும் புழுதியுமாக வரும் கோடை மழை இன்னொன்று. கோடை மழை வருகிறபோது கொட்டித் தீர்த்துவிடும். காய்ந்து கிடந்த காட்டோடையில் வெள்ளம் புரளும். மறுநாள் பார்த்தால் மணல்தான் இருக்கும். அப்புறம் வாரக்கணக்கில் ஒன்றும் இல்லை. இந்த மரங்கள் ஆயிரமாயிரம் ஆண்டுகளாகப் பழகியது இந்தக் கணக்குக்குத்தான். கிடைக்கும்போது வயிறு நிறைய. பிறகு நெடிய ஓய்வு.

அந்த ஓய்வை எப்படித் தாங்குகிறது மரம்? பாலோ வெர்டே மரத்தைப் பாருங்கள். 1954 முதல் அரிசோனாவின் மாநில மரம். அடிமரம் பச்சை, கிளை பச்சை, சுள்ளி பச்சை. வறட்சி முற்றினால் இருக்கிற சின்னஞ்சிறு இலைகளையும் உதிர்த்துவிடும். இலையை உதிர்த்துவிட்டு எதனால் உணவு சமைக்கும்? பட்டையால். அந்தப் பச்சைப் பட்டையே வெயிலை வாங்கிச் சமைக்கிறது. இலையில்லாத பாலோ வெர்டேயைப் பார்த்துவிட்டு, 'ஐயோ, காய்ந்துபோச்சே' என்று ஹோஸை எடுக்கிறோம். காயவில்லை, நண்பர்களே. அது தன் செலவைக் குறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

சரி, எந்த மரத்தை வைப்பது?

நம் வீடுகளில் பெரும்பாலானவற்றுக்குப் புழக்கடை சிறியது. சுவருக்கும் சுவருக்கும் நடுவில் கொஞ்சம் இடம், அதில் பாதி நீச்சல்குளம். அந்த இடத்துக்கு நான் முதலில் சொல்வது டெசர்ட் வில்லோ. பெயரில்தான் வில்லோ, இனத்தால் அது நம் ஊர்ப் பாதிரிக்கும் மரமல்லிக்கும் உறவு. அதே குடும்பம், அதே ஊதுகுழல் வடிவப் பூ. 15 அடியிலிருந்து 25 அடி வரை வளரும். மெல்லிய நீண்ட இலை. ஏப்ரல், மே மாதத்தில் பூக்கத் தொடங்கினால் கோடை முழுக்க விட்டுவிட்டுப் பூத்துக்கொண்டே இருக்கும். வெள்ளை உண்டு, இளஞ்சிவப்பு உண்டு, திராட்சை ரசத்தின் நிறத்திலும் உண்டு.

ஒரு பூவைப் பறித்து உள்ளே பாருங்கள். தொண்டையில் மஞ்சள் கோடுகள் ஓடும். வண்டு உள்ளே போவதற்கு வழிகாட்டி அது. இன்னும் உள்ளே, சூல்முடி இரண்டு உதடுபோலத் திறந்திருக்கும். ஒரு புல்நுனியால் அதை மெதுவாகத் தொடுங்கள். உங்கள் கண் முன்னாலேயே அந்த இரண்டு உதடும் மூடிக்கொள்ளும். உள்ளே நுழையும் தேனீ கொண்டுவந்த மகரந்தத்தை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்துகிறது பூ. குழந்தைகளே, உங்கள் தெருவிலேயே இந்த மரம் இருக்கும். ஒரு நாள் காலையில் அம்மாவையோ அப்பாவையோ கூட்டிக்கொண்டு போய்ச் செய்து பாருங்கள்.

இந்த மரத்தில் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று, குளிர்காலத்தில் மொட்டையாக நிற்கும். ஜனவரியில் பார்த்தால் வெறும் குச்சி. செத்துவிட்டதென்று பிடுங்கிப் போட்டவர்களை எனக்குத் தெரியும். மார்ச் வரை பொறுங்கள், துளிர்த்துவிடும். இரண்டு, இதற்கு உரமும் தண்ணீரும் கூடினால் இலை கூடும், பூ குறையும். கொம்பு நீண்டுகொண்டே போகும், பூ எங்கே என்று தேட வேண்டிவரும். காட்டோடை மணலில் பிறந்த மரத்துக்குக் கொழுத்த மண் ஒத்துவராது. நீண்ட பீன்ஸ் போன்ற காய்கள் பிடிக்காதவர்களுக்கென்றே தேர்ந்தெடுத்த வகைகளை நர்சரிகளில் விற்கிறார்கள். அவற்றில் காய் குறைவு.

கொஞ்சம் பெரிய இடம் இருக்கிறதா? 'டெசர்ட் மியூசியம்' பாலோ வெர்டே வையுங்கள். டூசான் அருகே 1952இல் திறந்த அரிசோனா-சொனோரா பாலைவன அருங்காட்சியகத்தில் மார்க் டிமிட் என்ற தாவரவியலாளர் கண்டெடுத்த கலப்பு இது. நீலப் பாலோ வெர்டே, மலையடிவாரப் பாலோ வெர்டே, மெக்சிகன் பாலோ வெர்டே என்று மூன்று இனத்தின் இரத்தம் அதில் ஓடுகிறது. முள் கிடையாது, காய் மிகக் குறைவு, பூ பெரிது. மார்ச் கடைசியிலிருந்து மரம் முழுக்க மஞ்சள். ஆனால் 25 அடி உயரம் என்றால் 25 அடி அகலமும் விரியும் என்பதை நினைவில் வையுங்கள். சுவரிலிருந்து இரண்டடி தள்ளி வைத்துவிட்டு ஐந்தாம் வருஷம் பாதி மரத்தை வெட்டுகிறவர்கள், மரத்தைக் குற்றம் சொல்லக் கூடாது. நீச்சல்குளத்தை ஒட்டியும் வைக்காதீர்கள். உதிரும் பூவெல்லாம் வடிகட்டியில் போய் அடைத்துக்கொள்ளும். பிறகு பூக்கிறதே என்று மரத்தைத் திட்டுவீர்கள்.

ஏப்ரல், மே மாதங்களில், பாலோ வெர்டே பூத்திருக்கும் பகுதிகளில், வெறும் தரையைக் காலையில் கவனியுங்கள். செண்ட்ரிஸ் பாலிடா என்ற நாட்டுத் தேனீயின் ஆண்கள் தரையை ஒட்டித் தாழப் பறந்துகொண்டிருக்கும். திடீரென்று ஓர் இடத்தில் இறங்கி மண்ணைத் தோண்டும். மண்ணுக்குள்ளிருந்து வெளிவரப்போகும் பெண் தேனீயை வாசனையால் கண்டுபிடித்துத் தோண்டி எடுக்கின்றன. தேன்கூடு கட்டாது, ஒவ்வொரு பெண்ணும் தரையில் தனித்தனியே வளை தோண்டி வாழும் இனம். தரையெங்கும் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு அதன்மேல் சரளைக்கல்லைக் கொட்டிவிட்டால் இந்த உயிருக்குப் போக்கிடம் எது? மரத்தடியில் கொஞ்சம் வெறும் மண்ணை விட்டுவையுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வாசனை வேண்டுமென்பவர்களுக்கு டெக்சஸ் மவுண்டன் லாரல். பிப்ரவரி, மார்ச்சில் ஊதா நிறக் கொத்துகள் தொங்கும். திராட்சை மிட்டாயின் வாசனை தெருமுனை வரை வரும். மெதுவாகத்தான் வளரும், அவசரக்காரர்களுக்கான மரம் அல்ல. அடுத்த ஆண்டுப் பூவுக்கான மொட்டை இது முந்தின ஆண்டே கட்டிவைத்துவிடும். ஆகவே அக்டோபரில் அழகுபடுத்துகிறேன் என்று நுனியை வெட்டினால், பிப்ரவரியில் பூ இருக்காது. வெட்டத்தான் வேண்டுமென்றால் பூ முடிந்த கையோடு வெட்டுங்கள். பச்சையும் மஞ்சளுமாகப் புழுக்கள் வந்து துளிரைத் தின்னும். கையால் பொறுக்கிப் போட்டாலே போதும். ஒரு எச்சரிக்கை: இதன் விதை பவளம்போல் செக்கச்செவேலென்று இருக்கும், ஆனால் நஞ்சு. கைக்குழந்தை இருக்கிற வீட்டில் காய்களை முற்றவிடாமல் பறித்துவிடுங்கள்.

அனகாச்சோ ஆர்க்கிட் மரம் என்று ஒன்று உண்டு. நம் மந்தாரையின் தங்கை. அதே இரட்டை இலை, அளவில் குட்டி. வசந்தத்தில் வெள்ளை வெள்ளையாகப் பூக்கும். மிகச் சிறிய வாசலுக்கு அதைவிடப் பொருத்தமானது அரிது. கஸ்தூரி வேல் இங்கும் உண்டு, குளிர் முடியுமுன்பே மஞ்சள் உருண்டைகளாகப் பூத்து மணக்கும். முள் இருப்பதால் நடைபாதையோரம் வேண்டாம். அயர்ன்வுட் நூற்றாண்டுக் கணக்கில் வாழும் மரம், நீரில் போட்டால் அதன் கட்டை மூழ்கும். பேரப்பிள்ளைகளை நினைத்து வைக்கிறவர்கள் அதை வைக்கலாம்.

இனி நடுவதற்கு வருவோம். எப்போது நடுவது? அக்டோபர், நவம்பர். மேலே வெயில் தணிந்திருக்கும், மண்ணுக்குள் சூடு இருக்கும். இலை தண்ணீர் கேட்காத அந்த மாதங்களில் வேர் நிம்மதியாக இறங்கும். மே மாதத்தில் நட்டுவிட்டு ஜூனில் அழாதீர்கள். 2023 கோடை நினைவிருக்கிறதா? தொடர்ந்து 31 நாள் பகல் உச்சம் 110 பாரன்ஹீட்டுக்குக் குறையவில்லை. சகுவாரோ கள்ளிகளே கைகளை இழந்து சாய்ந்த கோடை அது. அந்த வெயிலில் வேர்விடாத கன்று என்ன செய்யும்?

குழி எப்படி? தொட்டியில் இருக்கும் மண்கட்டி எவ்வளவு ஆழமோ அவ்வளவே ஆழம். அகலம் மட்டும் மூன்று மடங்குக்குக் குறையாமல். ஊரில் தென்னங்கன்றுக்கு மூன்றடி ஆழம் தோண்டிய கைகள் நம்முடையவை. இங்கே அந்தப் பழக்கம் உதவாது. எருவும் கம்போஸ்டும் கலந்த மெத்தையைக் குழிக்குள் போட்டால் வேர் அந்தச் சொகுசை விட்டு வெளியே போகாது. தோண்டி எடுத்த மண்ணையே திருப்பிப் போடுங்கள். அடிமரம் தரையைத் தொடும் இடம் வெளியே தெரிய வேண்டும், மண்ணும் சரளையும் அதை மூடக் கூடாது.

தோண்டும்போது கடப்பாரை 'ணங்' என்று ஒலிக்கிறதா? வெள்ளையாகப் பாறை மாதிரி ஒன்று தடுக்கிறதா? அதுதான் சுக்கான் பாறை. கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பெரியவர்களுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. குழியில் தண்ணீரை நிரப்பிவிட்டு விடுங்கள். மறுநாள் காலையிலும் தண்ணீர் நிற்கிறதென்றால் அங்கே மரம் வேர் அழுகிச் சாகும். பாறையை உடைத்து அடியில் வடிகால் செய்யுங்கள். முடியாவிட்டால் நாலடி தள்ளி வேறு இடம் பாருங்கள்.

நட்டாகிவிட்டது. இப்போது தண்ணீர். இங்கேதான் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

வீடு வாங்கும்போதே சொட்டுநீர்க் குழாயும் ஒரு டைமரும் சேர்ந்து வந்துவிடுகின்றன. யாரோ ஒருவர் அதைத் தினமும் பத்து நிமிடம் என்று திருகிவிட்டுப் போயிருப்பார். நாம் அதைத் திறந்தே பார்ப்பதில்லை. கணக்குப் போடுவோமா? மணிக்கு 2 கேலன் சொட்டும் குழாய், பத்து நிமிடத்தில் மூன்றில் ஒரு கேலன் தரும். அது எவ்வளவு ஆழம் இறங்கும்? சில அங்குலம். அது சீக்கிரம் ஆவியாகிவிடும். நம் குழாய்த் தண்ணீரில் உப்பு அதிகம். ஆவியாகும் தண்ணீர் அந்த உப்பை மேல்மண்ணிலேயே விட்டுவிட்டுப் போகும். தண்ணீர் மேலே இருக்கிறது, ஆகவே வேரும் மேலே வருகிறது. உப்பும் மேலே இருக்கிறது, ஆகவே வேரெல்லாம் உப்பில் கிடக்கிறது. இலைநுனி கருகுகிறது. கருகியதைப் பார்த்து நாம் என்ன செய்கிறோம்? பத்து நிமிடத்தைப் பதினைந்தாக்குகிறோம்!

இதன் முடிவு என்ன தெரியுமா? ஜூலை மாதம் ஒரு மாலை, தெற்கிலிருந்து புழுதிச்சுவர் எழுந்து வரும். அதன் பின்னாலேயே காற்றும் மழையும். மறுநாள் காலை தெருவில் நடந்தால், வீட்டுக்கு வீடு மரம் சாய்ந்து கிடக்கும். அப்படிச் சாய்ந்த ஒரு பாலோ வெர்டேயின் அடியை எங்கள் தெருவில் உட்கார்ந்து பார்த்தேன். 20 அடிக்கு மேல் உயரம், நல்ல கொழுத்த மரம். வேர்? தோசைக்கல்லைப் போலத் தட்டையாக, ஓரடிக் கனம்கூட இல்லாமல் பெயர்ந்து நின்றது. கீழே இறங்கிய வேர் ஒன்றுகூட இல்லை. நடுவில், நர்சரித் தொட்டிக்குள் சுற்றிச்சுற்றி வளர்ந்த வேர் அப்படியே சுருண்டு இறுகிக் கிடந்தது. காற்று அந்த மரத்தைக் கொன்றது என்று எல்லோரும் சொன்னார்கள். பல ஆண்டுகளாகச் சொட்டிக்கொண்டிருந்த பத்து நிமிடத் தண்ணீர்தான் அதை ஆடவிட்டது என்பது என் எண்ணம்.

அப்படியானால் எவ்வளவு ஊற்றுவது? ஒவ்வொரு முறையும் இரண்டடியிலிருந்து மூன்றடி ஆழம் வரை மண் நனைய வேண்டும். வேர்விட்டு நிலைத்த பாலை மரத்துக்குக் கோடையில் 7 நாளிலிருந்து 21 நாளுக்கு ஒருமுறை. வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் இரண்டு வாரத்திலிருந்து ஒரு மாதத்துக்கு ஒருமுறை. குளிர்காலத்தில் ஒன்று அல்லது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. இந்த வட்டார நகரங்களின் நீர்த்துறைகள் வீட்டுக்காரர்களுக்குச் சொல்லும் கணக்கு இது. கேட்க அதிர்ச்சியாக இருக்கிறதல்லவா? புதிதாக நட்ட கன்றுக்கு மட்டும் முதல் சில வாரம் அடிக்கடி வேண்டும். அதன்பின் இடைவெளியை நீட்டிக்கொண்டே போக வேண்டும். இரண்டாம், மூன்றாம் ஆண்டில் அது தன் காலில் நின்றுவிடும்.

இரண்டு, மூன்றடி நனைந்ததை எப்படி அறிவது? மூன்றடி நீளமுள்ள ஒரு இரும்புக்கம்பி எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் பாய்ச்சி முடித்ததும் மண்ணில் அழுத்துங்கள். நனைந்த மண்ணில் வழுக்கிக்கொண்டு போகும். உலர்ந்த இடம் வந்ததும் நின்றுவிடும். நின்ற இடத்தில் விரலை வைத்து வெளியே இழுத்துப் பாருங்கள். எட்டு அங்குலம்தானா? இன்னும் நேரம் ஓடவிடுங்கள். இரண்டரை அடியா? நிறுத்துங்கள். எத்தனை மணி நேரம் ஆனதோ அதை எழுதி டைமரின் மூடிக்குள் ஒட்டிவிடுங்கள். மண்ணுக்கு மண், குழாய்க்குக் குழாய் நேரம் மாறும். ஆகையால் பக்கத்து வீட்டுக்காரரின் கணக்கைக் கேட்காதீர்கள், உங்கள் கம்பியைக் கேளுங்கள்.

இன்னொன்று. சொட்டுக்குழாய் நட்ட அன்று அடிமரத்தின் பக்கத்தில் இருந்தது. பத்து வருஷம் கழித்தும் அங்கேயே இருக்கலாமா? வேர் கிளையின் நிழலையும் தாண்டிப் போயிருக்கிறது. கிளை விரிய விரிய, குழாயை நகர்த்தி, கிளையின் ஓரத்து நிழல் விழும் இடத்துக்குக் கொண்டுபோங்கள்.

தண்ணீரைப் பற்றிப் பேசும்போது, அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்காமல் இருக்க முடியுமா? கொலராடோ ஆற்றிலிருந்து, ஹவாசு ஏரியில் தொடங்கி, 336 மைல் கால்வாயில் பாலைவனத்தைக் கடந்து வருகிறது ஒரு பெரும்பங்கு. 2021 ஆகஸ்டில் அந்த ஆற்றில் வரலாற்றிலேயே முதன்முறையாகப் பற்றாக்குறை அறிவித்தார்கள். 2022இல் அரிசோனாவின் பங்கில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பகுதி வெட்டுப்பட்டது. வீடுகளில் செலவாகும் தண்ணீரில் 70 விழுக்காடு வரை வெளியே, தோட்டத்துக்குத்தான் போகிறது. காவிரித் தண்ணீருக்காகக் காத்துக் கிடந்த மண்ணிலிருந்து வந்தவர்கள் நாம். ஆற்றை நம்பி வாழ்வது என்னவென்று நமக்கு யார் சொல்லித் தர வேண்டும்?

ஆனால் வழி இருக்கிறது. 1,000 சதுர அடிக் கூரையில் 1 அங்குலம் மழை பெய்தால் 600 கேலனுக்குமேல் தண்ணீர். அதைத் தெருவுக்கு அனுப்புகிறோம். பிறகு காசு கொடுத்துக் குழாய்த் தண்ணீர் வாங்குகிறோம். 2003இல் தமிழ்நாட்டில் ஒவ்வொரு வீட்டுக்கும் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியதை இங்கிருக்கும் பெரியவர்கள் கண்ணால் பார்த்திருக்கிறீர்கள். டூசானில் பிராட் லங்காஸ்டர் என்பவர் 1990களில் ஜிம்பாப்வே போய், செபனையா பிரி மசெகோ என்ற விவசாயியிடம் மழையை மண்ணில் நிறுத்தும் வித்தையைக் கற்றுவந்தார். தன் தெருவில் நடைபாதை விளிம்பை அறுத்து, சாலையில் ஓடும் மழைநீரை ஓரத்துக் குழிகளுக்குள் திருப்பினார். குழிகளின் கரையில் பாலோ வெர்டேயும் அயர்ன்வுட்டும் மெஸ்கீட்டும் வைத்தார்கள். முதலில் அனுமதி இல்லாமல் செய்த வேலை. பிறகு நகராட்சியே அதற்கு முறை வகுத்து ஏற்றுக்கொண்டது. நீங்கள் தெருவை அறுக்க வேண்டாம். கூரைத் தண்ணீர் விழும் இடத்திலிருந்து ஒரு சிறு வாய்க்கால் இழுத்து, மரத்தைச் சுற்றிக் கொஞ்சம் பள்ளம் எடுங்கள். அடிமரம் மேட்டில் இருக்கட்டும், தண்ணீர் சுற்றி நிற்கட்டும். ஒரு நாளில் உறிஞ்சிவிட வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது கத்தரிக்கு வருகிறேன். இதைச் சொல்லும்போது எனக்கு மனம் கொதிக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

தெருவில் போய்ப் பாருங்கள். ஒவ்வொரு வாசலிலும் உருண்டை, சதுரம், பெட்டி. பூக்கப் பிறந்த மரத்தை, இயந்திரக் கத்தரி வைத்து மாதந்தோறும் உருண்டையாகச் சிரைக்கிறார்கள். எங்கே பூக்கும் அது? பூ வருவது நுனியில். நுனியைத்தான் ஒவ்வொரு மாதமும் வெட்டுகிறோமே! வெளியே ஓர் அங்குலம் பச்சை, உள்ளே விலக்கிப் பார்த்தால் காய்ந்த சுள்ளி. கேட்டால், ஹெச்.ஓ.ஏ. என்கிற வீட்டு உரிமையாளர் சங்கம் கடிதம் அனுப்பும் என்கிறார்கள். நான் படித்த விதிகளில் நடைபாதைக்கு மேலே கிளை தட்டக் கூடாது என்றிருக்கிறது. மரம் உருண்டையாக இருக்க வேண்டும் என்று எங்கும் பார்க்கவில்லை. உங்கள் வீட்டு விதியையும் ஒருமுறை எடுத்துப் படியுங்கள்.

இன்னும் கொடுமை, தலையை மொட்டையடிப்பது. பாலோ வெர்டேயின் பச்சைப் பட்டை மெல்லியது. தன் நிழலையே குடையாகப் பிடித்துக்கொண்டு வாழ்கிறது. அந்தக் குடையை வெட்டிவிட்டால் மேற்கு வெயில் நேராகப் பட்டையில் விழும். பட்டை வெந்து வெடிக்கும், வெடிப்பு வழியே துளைப்பான்கள் நுழையும். வேரைத் தின்னும் பாலோ வெர்டே வண்டும் இளைத்த மரத்தைத்தான் அதிகம் வாட்டும். ஜூன், ஜூலை இரவில் விளக்கடியில் மூன்று அங்குல நீளத்தில் கறுப்பு வண்டு வந்து விழுமே, அதுதான். அதன் புழு மண்ணுக்குள் பல ஆண்டுகள் வேரைத் தின்று வாழும். மருந்தடித்துப் பயனில்லை, மரத்தை வலுவாக வைத்திருப்பதே மருந்து.

எப்படித்தான் வெட்டுவது? காய்ந்தது, ஒன்றோடொன்று உரசுவது, தலையில் இடிப்பது, இந்த மூன்றையும் எடுங்கள். கிளையை அது பிறக்கும் இடத்தில் எடுங்கள், நடுவில் துண்டிக்காதீர்கள். ஒரு வருஷத்தில் கால்பங்குக்கு மேல் எடுக்க வேண்டாம். டெசர்ட் வில்லோவைக் குளிர்கால இறுதியில், துளிர்க்குமுன் வெட்டலாம். பாலோ வெர்டேயைப் பூ முடிந்த பிறகு. இளங்கன்றின் கீழ்க்கிளைகளைச் சில ஆண்டுகள் விட்டுவையுங்கள். அவை அடிமரத்துக்கு நிழலும் தரும், பருமனும் தரும். தொட்டியோடு கட்டிவந்த மூங்கில் குச்சியை நட்ட அன்றே அவிழ்த்துவிடுங்கள். காற்றில் ஆடினால்தான் அடிமரம் தடிக்கும்.

பெரியவர்களிடம் கடைசியாக ஒன்று சொல்லவேண்டும். இங்கே மெஸ்கீட் மரத்தைப் பார்த்துவிட்டு, 'இது நம்ம சீமைக்கருவேலம் மாதிரி இருக்கே' என்று முகம் சுளிக்கிறீர்கள். மாதிரி மட்டும் இல்லை, உடன்பிறப்புதான். ஆனால் இங்கே அது வீட்டுப்பிள்ளை. தோஹோனோ ஓதாம் மக்கள் அதன் காயை இடித்து மாவாக்கி உண்டு வாழ்ந்தவர்கள். அதன் நிழலில் கள்ளிக்கன்று வளர்கிறது, அதன் பூவில் நாட்டுத்தேனீ வாழ்கிறது, அதைத் தின்று அடக்க பூச்சிகளும் விலங்குகளும் இருக்கின்றன. அதன் உடன்பிறப்பின் விதையை 1877 வாக்கில் கடல் கடத்தி இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். ராமநாதபுரத்துக் கண்மாய்களில் என்ன ஆயிற்று என்று உங்களுக்குத் தெரியும். உயர்நீதிமன்றம் வரை வழக்கு போனது. மெக்சிகன் பாலோ வெர்டே ஆஸ்திரேலியாவுக்குப் போய், அங்கே தேசிய அளவில் ஒழிக்க வேண்டிய களையாகிவிட்டது. ஆகவே, ஊருக்குத் திரும்பும்போது 'அழகான மஞ்சள் பூ' என்று ஒரு பிடி விதையைப் பெட்டியில் போட்டுக்கொள்ளாதீர்கள். சட்டமும் அதைத் தடுக்கிறது. அதுபோலவே, இங்கே பாலைவனத்தில் முளைத்திருக்கும் கன்றையும் தோண்டி எடுக்காதீர்கள். நாட்டுத் தாவரங்களைக் காக்க அரிசோனாவில் தனிச்சட்டமே இருக்கிறது.

அக்டோபர் பிறக்கப்போகிறது. 1939இல் திறந்த ஃபீனிக்ஸ் பாலைவனத் தாவரவியல் பூங்காவில், பப்பாகோ பார்க்கில், வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் செடி விற்பனை நடக்கும். குடும்பத்தோடு போங்கள். வாங்குமுன் டேப்பை எடுத்து உங்கள் இடத்தை அளந்துகொண்டு போங்கள். 15 கேலன் தொட்டியில் ஓங்கி நிற்கும் மரத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். 5 கேலன் தொட்டிக் கன்று சீக்கிரம் வேர்விட்டு சில ஆண்டில் அதை எட்டிப் பிடித்துவிடும், விலையும் குறைவு. தொட்டியை மெல்லச் சாய்த்து வேரைப் பாருங்கள். சுற்றிச் சுருண்டிருந்தால் அதை வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள்.

பின்பக்க மேசையில் டெசர்ட் வில்லோவின் காய்ந்த காயும், பாலோ வெர்டேயின் பச்சைச் சுள்ளியும், மண்ணில் அழுத்திப் பார்க்கும் கம்பி ஒன்றும் வைத்திருக்கிறேன். மவுண்டன் லாரல் விதை மூடிய பாட்டிலுக்குள் இருக்கிறது; குழந்தைகள் திறக்க வேண்டாம், வெளியிலிருந்து பார்த்தால் போதும். உங்கள் வீட்டு டைமரைப் படம் எடுத்து வந்தவர்கள் யாராவது இருந்தால் அதையும் கொண்டுவாருங்கள், உட்கார்ந்து பார்ப்போம்.